கண்ணாடிக்கு இந்தப்புறம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



'தொலைக்காட்சித் தொழில்நுட்பம், தயாரிப்பு, விளம்பரம்: கலைச்சொற்கள்' என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சாகியிருக்கிறது. பட்டியல் ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பட்டியல் போட்ட குழு ஒன்றில் நானும் மூன்று ஆண்டுகள் இருந்தேன். நானூறுக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களுக்கு உட்கார்ந்து தமிழ் கண்டோம். உழைப்பில் குறை வைக்கவில்லை, இலக்கணமும் பிழைக்கவில்லை. ஆனாலும் அவற்றில் ஒரு படப்பிடிப்புத் தளத்திலோ ஒரு வீட்டுக் கூடத்திலோ இன்று வழங்கும் சொற்களை எண்ண இரண்டு கைகளே அதிகம்.

அதே காலத்தில், எந்தக் குழுவும் கூடாமலே, வேறு பல சொற்கள் பிறந்து ஊரெங்கும் புழங்கின. இது ஏன் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நான் கண்ட விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துறைச்சொல் தமிழில் பிறப்பதும் பிறக்காததும், அந்தப் பொருளைப் பற்றி யார் யாரிடம் பேசியாக வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடிக்கு இந்தப்புறம் இருக்கும் நம்மிடம் பேச வேண்டியவற்றுக்கெல்லாம் தமிழ் கிடைத்துவிட்டது. நம்மிடம் பேச வேண்டாம் என்று வைத்துக்கொண்டவை ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாகவே உள்ளே தங்கிவிட்டன. ஐந்து கூறுகளாக இதை விரிக்கிறேன்.

1. கூரையிலிருந்து கூடத்துக்கு

என் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டியது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிவிட்டாலும் அந்த அலை எங்கள் பக்கம் எட்டவில்லை. எட்டியது, 1982இல் இலங்கையில் தொடங்கிய ரூபவாஹினி. எங்கள் தெருவில் முதலில் பெட்டி வாங்கிய வீட்டில் ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். கடற்காற்று அதைத் திருப்பிவிடும். ஒருவர் மாடியேறி இரும்புக் குழாயைப் பிடித்துத் திருக வேண்டும். ஒருவர் கூடத்தில் பெட்டி முன் நின்று குரல் கொடுக்க வேண்டும். இடையில் முற்றம், படிக்கட்டு. ஒவ்வோரிடத்திலும் பிள்ளைகள் நின்று கீழிருந்து வரும் சொல்லை வாங்கி மேலே எறிவோம்.

"புள்ளி அடிக்குது." "கோடு ஓடுது." "படம் உருளுது." "நிழல் விழுது." "இப்ப நல்லா இருக்கு, விட்டுரு."

ஒரு பொறியாளர் எழுதும் பழுது அறிக்கையில் இவை நான்கும் நான்கு வேறு குறைகள். அலை வலுவிழந்தால் புள்ளி அடிக்கும். அயல் மின்குறுக்கீடு புகுந்தால் கோடு ஓடும். நிலையம் அனுப்பும் ஒத்திசைவுத் துடிப்பைப் பெட்டி பற்றிக்கொள்ளத் தவறினால் படம் மேலிருந்து கீழாக உருளும். நிழல் விழுவதுதான் இவற்றில் எனக்குப் பிடித்தது. நிலையத்திலிருந்து நேரே வரும் அலையோடு, ஏதோ ஒரு கட்டடத்திலோ குன்றிலோ பட்டுத் திரும்பிய அலையும் சற்றுப் பிந்தி வந்து சேர்கிறது. நம் நாட்டில் அன்றிருந்த முறையில் படம் 625 கோடுகளால் ஆனது. ஒரு கோட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை வரைய 52 மைக்ரோ நொடி ஆகும். திரும்பிவந்த அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருந்தால் 1 மைக்ரோ நொடி பிந்தும். 20 அங்குலப் பெட்டியில் அது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். செய்தி வாசிப்பவரின் காதுக்கு வலப்பக்கம் அவரே மங்கலாக இன்னொரு முறை நிற்பார்.

ஆங்கிலத்தில் இதைப் பேய் என்றார்கள். எங்கள் குழு அதைப் பார்த்து 'மாயப் பிம்பம்' என்று எழுதியது. எங்கள் தெரு அதை 'நிழல்' என்று முன்பே சொல்லி முடித்திருந்தது. ஓர் உருவம் எதிலோ பட்டு, பக்கத்தில் மங்கலாக விழுவதற்கு அதைவிடத் துல்லியமான சொல் இல்லை. அந்தச் சொல்லை மாடிக்கு எறிந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். குழு அறையில் அகராதிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை. இதை இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கூரையில் இருப்பவருக்குப் படம் தெரியாது. கூடத்தில் இருப்பவருக்குக் குழாய் எட்டாது. இருவருக்கும் நடுவே சொல் மட்டும்தான் பாலம். அங்கே சொல் பிறந்தே தீரும்.

2. நிலையத்திலிருந்து வீட்டுக்கு

அடுத்த கட்டம், நிலையமே நம்மிடம் பேசிய பேச்சு. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு வாசகத்தை நினைவூட்ட வேண்டியதில்லை: 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. இணைப்பு அறுந்ததா, நாடா சிக்கியதா, மின்சாரம் போனதா என்று அந்த அட்டை சொல்லாது. சொல்ல வேண்டியதும் இல்லை. நல்ல காரியம் ஒன்று நடக்கும்போது குறுக்கே வருவதைத் தமிழர் 'தடங்கல்' என்பார்கள். கல்யாண வீட்டுச் சொல் அது. ஓர் அரசு நிலையம் வீட்டுக்குள் வந்து, அந்த வீட்டின் சொல்லிலேயே வருத்தம் தெரிவித்தது. அந்த வாசகத்தை எழுதியவர் பெயரை யாரும் பதிவு செய்யவில்லை. தொலைக்காட்சித் தமிழின் முதல் நல்ல உரைநடை என்று நான் அதைத்தான் குறிப்பிடுவேன்.

'ஒலிபரப்பு' வானொலியோடு முன்பே வந்துவிட்டது. தொலைக்காட்சி வந்தபோது ஓர் எழுத்தை மாற்றி 'ஒளிபரப்பு' என்றார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அடியான சொல், கையால் விதையை வீசி விதைப்பதைக் குறித்த உழவர் சொல். தமிழின் 'பரப்பு' அந்த வீச்சை அப்படியே வாங்கிக்கொண்டது. லகர ளகர வேறுபாடு ஒன்றால் இரண்டு ஊடகங்களைப் பிரித்துக் காட்ட எத்தனை மொழிகளால் முடியும்? வெள்ளிக்கிழமை மாலைத் திரைப்பாடல் நிகழ்ச்சிக்கு 'ஒலியும் ஒளியும்' என்று பெயர் வைத்தபோது, அந்த வேறுபாட்டைத் தமிழ்நாடு முழுவதும் வாரந்தோறும் உச்சரித்துப் பழகியது. இன்று நாளிதழ்களிலேயே தொலைக்காட்சிக்கு 'ஒலிபரப்பு' என்று அச்சாவதைப் பார்க்கும்போது, அந்த வகுப்பு பாதியில் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

தனியார் அலைவரிசைகள் 1990களில் வந்தபின் தமிழ் மெலிந்தது என்பார்கள். உச்சரிப்பைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். சொல்லாக்கத்தைப் பொறுத்தவரை ஒப்பமாட்டேன். 'நேரலை' அந்தக் காலத்துக் கொடை. அதற்கு முன் 'நேரடி ஒளிபரப்பு' என்றுதான் சொல்லிவந்தோம். எழுதினால் ஒன்பது எழுத்து. திரையின் மூலையில் ஒரு சிறு சிவப்புக் கட்டத்துக்குள் அது அடங்காது. 'நேரலை' மூன்றே எழுத்து. கட்டத்தின் அளவே இந்தச் சொல்லைச் செதுக்கியது என்பது என் கணிப்பு. 'இணைந்திருங்கள்' என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கில அறிவிப்பாளர் இன்னும் திருகாணியைத் திருகிய வானொலிக் காலத்துச் சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கிறார். திருகாணி போய்விட்டது, தமிழ்ச் சொல்லுக்கு அதனால் இழப்பில்லை.

'தொகுப்பாளர்', 'சின்னத்திரை', 'நெடுந்தொடர்' ஆகியவற்றை விரிக்கவில்லை. எல்லாமே நம் காதில் விழுவதற்கென்று பிறந்தவை.

3. தளத்துக்குள்

இனிக் கண்ணாடிக்கு அந்தப்புறம். நேரலை நிகழ்ச்சி ஒன்று நடக்கும்போது கட்டுப்பாட்டு அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. சுவர் முழுக்கத் திரைகள். இயக்குநர் காதிலும் கேமராக்காரர்கள் காதிலும் ஒரே கம்பிப் பேச்சு. "டூ, ஸ்டாண்ட் பை... டேக் டூ... த்ரீ, கொஞ்சம் டைட்... ஹோல்ட்... டேக்." அந்தச் சொல் விழுந்ததும் விசைப்பலகையில் விரல் இறங்குகிறது, மூன்றாம் கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிகிறது. நம் முறையில் நொடிக்கு 25 படச்சட்டம். ஒரு சட்டத்துக்கு 40 மில்லி நொடி. 'டேக்' என்பது ஓரசை. அந்த இடத்தில் 'காட்சியை மாற்றுக' என்று சொல்லி முடிப்பதற்குள் பாடகர் வாயை மூடிவிடுவார்.

எங்கள் குழு இங்கேதான் தவறியது. மேடைக்காரர் மலையாளம், விளக்குக்காரர் தெலுங்கு, ஒலிக்காரர் தமிழ் என்று கலந்திருக்கும் தளத்தில் ஓரசை ஆணைகள் எல்லாருக்கும் பொது. 'கட்'டை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அது தமிழ்நாட்டுக் குழந்தைகள் விளையாட்டில் சொல்லும் சொல்.

நாங்கள் பார்க்கத் தவறிய இன்னொன்று, இந்தச் சொற்கள் தமிழ் வாயில் பட்டபிறகு ஆங்கிலமாக இல்லை என்பது. ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவர் முகத்தைப் பிடிக்கும் கோணத்துக்கு நம் தளங்களில் 'சஜஷன்' என்று பெயர். ஓர் ஆங்கிலேயரிடம் அதைச் சொன்னால் ஏதோ ஆலோசனை கேட்கிறோம் என்று நினைப்பார். பின்னணி இசைக்கு 'ஆர்.ஆர்.'. வெளிச்சத்தை முகத்தில் திருப்பியடிக்கும் வெள்ளைப் பலகைக்குத் 'தெர்மாகோல்'. விளக்குகளுக்குப் 'பேபி', 'ஜூனியர்', 'சீனியர்' என்று ஒரு குடும்பமே உண்டு. படப்பிடிப்பில் 'புரொடக்‌ஷன்' என்று கூப்பிட்டால் தயாரிப்பாளர் வரமாட்டார். தேநீர்த் தட்டோடு ஒரு தம்பி வருவார். இவையெல்லாம் காதுவழி கற்ற தமிழ்த் தொழிலாளர் சொற்கள். அவற்றுக்கு மாற்றுச் சொல் கண்டு கொடுப்பதைவிட, அவர்கள் சொல்கிறபடியே தமிழ் எழுத்தில், அவர்கள் கொள்ளும் பொருளோடு தொகுத்து வைப்பதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

முப்பது ஆண்டுகளாக விளக்குப் பிடிக்கும் ஒருவரிடம் பேசினேன். மாலை நான்கு மணி வெயில் சன்னல் வழி வருவதுபோல் காட்ட எந்த விளக்கை எவ்வளவு உயரத்தில், எத்தனை அடி தள்ளி, முன்னால் எதைத் தொங்கவிட்டு வைக்க வேண்டும் என்று விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். "எழுதி வைங்களேன் அண்ணே" என்றேன். "எழுதுறதுக்கு இதுல எது தமிழ், எது இங்கிலீஷுன்னு எனக்குத் தெரியாதுங்க சார்" என்றார். அந்த அறிவு அவரோடு போய்விடக் கூடாது. காட்சித் தொடர்பியல் மாணவர்களே, உங்களில் சிலராவது ஒரு குறிப்பேட்டோடு அவர் போன்றவர்களிடம் போக வேண்டும்.

4. காசு பேசும் மொழி

இந்தச் சொற்பொழிவின் மையம் இதுதான். தொழில்நுட்பத்துக்குத் தமிழ் கிடைத்தது, தயாரிப்புக்கு அரைத்தமிழ் கிடைத்தது. விளம்பர வணிகத்துக்குக் கிடைத்தது என்ன?

'விளம்பரம்' நல்ல சொல். விளம்புதல் என்றால் அறிவித்தல். குமரி மாவட்டத்துப் பந்தியில் சோறு பரிமாறுவதும் விளம்புவதுதான். அதற்கு மேல் நம்மிடம் சொல்லப்பட்ட ஒரே சொல் 'வழங்குபவர்கள்'. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலி வர்த்தக சேவையின் காலத்திலிருந்தே நம் காது பழகிய தொனி அது. தூர்தர்ஷன் 1976 ஜனவரி 1இல் விளம்பரத்தைச் சேர்த்தபோது அந்தத் தொனியும் சேர்ந்துகொண்டது. இன்னார் வழங்கும் நிகழ்ச்சி, இன்னாரோடு இணைந்து வழங்குபவர் இன்னார் என்கிறார்கள். வழங்குதல் வள்ளல்களின் வினை. அந்த வினையைக் கேட்டதும் நாம் பெறுபவர்கள் ஆகிவிடுகிறோம். கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை.

உள்ளே நடக்கும் பேச்சு வேறு. அங்கே பேசப்படும் அலகு 10 நொடி, விலை அதற்குத்தான். அரை மணி நேர இடத்தை 'ஸ்லாட்' என்பார்கள். தமிழ்த் தனியார் தொடர்களில் நெடுங்காலம் நடந்த ஒரு முறையில், தயாரிப்பாளர் அந்த இடத்துக்குக் கட்டணம் கட்டி, பதிலுக்குக் கிடைக்கும் விளம்பர நொடிகளைத் தானே விற்றுப் பணம் பார்ப்பார். அந்த நொடிகளின் பெயர் 'எஃப்.சி.டி.'. விரித்தால் 'இலவச' என்று தொடங்கும். ஆனால் அதில் இலவசம் எதுவும் இல்லை. கதாநாயகி ஒரு கதவைத் திறக்க மூன்று நாள் எடுத்துக்கொள்வதைப் பற்றி வீடுகளில் சலித்துக்கொள்கிறோம். விற்ற நொடிகளுக்கு நடுவே கதையை நிரப்ப வேண்டியிருக்கிறது என்ற காரணத்தைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை.

'டி.ஆர்.பி.'க்கு வருகிறேன். தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு கருவியை வைத்து, எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கெடுக்கிறார்கள். இன்று இந்தியாவில் நடக்கும் முறையில், அலைவரிசையின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளக் குறி பதிக்கப்பட்டிருக்கும். கருவி அதைக் கேட்டுப் பதிவு செய்யும். அந்த மாதிரி வீடுகளிலிருந்து முழு நாட்டுக்கும் மதிப்பிடுகிறார்கள். ஆக, எத்தனை பேர், எத்தனை நேரம் என்பது மட்டுமே அதில் இருக்கும். பிடித்துப் பார்த்தார்களா, சண்டை போட்டுக்கொண்டே பார்த்தார்களா, பெட்டியைப் போட்டுவிட்டுச் சமையற்கட்டில் இருந்தார்களா என்பது இராது.

இதைத் தமிழ் இதழ்கள் எப்படி எழுதுகின்றன? 'தரவரிசை' என்கின்றன, 'தரப்புள்ளி' என்கின்றன. எண்ணிக்கையை அளக்கும் ஒன்றுக்குத் 'தரம்' என்று பெயர் கொடுத்துவிட்டோம். அதனால் என்ன ஆகிறது என்றால், 'தரவரிசையில் முதலிடம்' என்று ஒரு தொடருக்கு விளம்பரம் வந்தால், எழுதத் தெரிந்த ஒரு நல்ல கதாசிரியர் தன் தொடர் தரம் குறைந்தது என்று தலைகுனிகிறார். எனக்குத் தெரிந்து ஒருவர் அப்படித்தான் எழுதுவதையே விட்டார். 2020 அக்டோபரில் மதிப்பீட்டு முறைகேடு குறித்த வழக்கு மும்பையில் எழுந்து, செய்தி அலைவரிசைகளின் வாராந்தர மதிப்பீடு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. அப்போதுகூட, எண்ணிக்கையில் நடந்த குளறுபடியைத் 'தரத்தில்' நடந்ததாகவே நம் மொழியில் படித்தோம். 'பார்வை அளவு' என்று எழுதலாம். அழகான சொல் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்லாத சொல்.

5. காதில் விழுவதும் காதுக்கு எட்டுவதும்

என் கருத்துக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் பேசப்படும் எல்லாமே தெளிந்த தமிழில் இல்லை. பரஸ்பர நிதி விளம்பரத்தின் கடைசியில் ஒரு குரல் மூச்சு விடாமல் ஓடுகிறது: முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு 'உட்பட்டவை'. தமிழ் எழுத்து, தமிழ் உருபு, ஆனாலும் யாருக்கும் சென்று சேராத வேகம். 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், விளம்பரத்தின் உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் பொறுப்புத் துறப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. மொழியை அது உறுதி செய்கிறது. ஆனால் நம்மிடம் பேசியே ஆக வேண்டும் என்ற மனத்தை எந்த விதியும் தராது. 'உட்பட்டவை' என்ற சொல்லில் அந்த மனம் இல்லை. 'உங்கள் பணம் குறையவும் கூடும்' என்பதில் இருக்கிறது.

இறுதியாக என் அத்தை. வயது எண்பதை நெருங்குகிறது, காது மந்தம். செய்தியைத் திரையின் அடியில் ஓடும் எழுத்தில்தான் படிப்பார். ஓர் அலைவரிசையில் செய்தி நடக்கும்போதே படத்தைச் சுருக்கி, இடப்பக்கமும் அடியிலும் விளம்பரம் போடுகிறார்கள். தொழிலில் இதன் வடிவத்தைக் கொண்டு 'எல் பேண்ட்' என்பார்கள். அது வந்தால் ஓடும் எழுத்து மறைந்துவிடும். அத்தை தொலைபேசியில் என்னிடம், "இதைக் கேட்க ஆள் கிடையாதாடா?" என்றார்.

உண்டு. 1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7ஆம் விதி, விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும், திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்து ஓட்டி நிகழ்ச்சியில் குறுக்கிடக் கூடாது என்கிறது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதில் வணிக விளம்பரம் 10 நிமிடம், அலைவரிசை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது 2 நிமிடம் என்பதும் அதே விதிதான். 2021இல் வந்த திருத்தத்தின்படி, பார்வையாளர் புகார் கொடுத்தால் அலைவரிசை 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

புகாரைத் தமிழில் எழுதுவதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். புகார் சொல்ல வேண்டிய பொருளுக்கு என்னிடம் பெயர் இல்லை. எங்கள் பட்டியலின் நானூறு சொற்களில் அது இல்லை. ஊருக்குப் போனபோது, அத்தையையே சொல்லச் சொல்லி எழுதினேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"செய்தி வாசிக்கிற பிள்ளையை ஒரு மூலைக்கு நெருக்கிட்டு விளம்பரம் போடுறீங்க. நான் எழுத்தைப் படிச்சுத்தான் செய்தி தெரிஞ்சுக்கிறேன். இந்த நெருக்கு விளம்பரத்தை நிறுத்துங்க."

அப்படியே எழுதினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் படித்துப் பார்த்து, கீழே கையெழுத்திட்டார்.